கிணற்றடியும் கடற்பாலமும்



பொறியியல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வானளாவும் கட்டடங்கள், விண்ணில் பாயும் ஏவுகலங்கள், கணிப்பொறிகள் ஆகியவை தோன்றலாம். சிலருக்கு ஒரு கல்லூரியின் பெயரும், அதில் இடம் பெற வேண்டிய மதிப்பெண்ணும் மட்டுமே தோன்றலாம். பெரியவர்களாகிய நாங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசும் முறை அப்படி. எனவே ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பயிலும் பிள்ளைகள், அது தமக்குப் பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஒரு தேர்வு என்றே எண்ணிவிடுகிறார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றுவதே இன்றைய பேச்சின் நோக்கம். பொறியியல் கல்லூரி வாயிலில் தொடங்குவதன்று. நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களை நோக்கி மூன்று வினாக்களைக் கேட்கத் தொடங்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. இஃது எதற்காகச் செய்யப்பட்டது? எவ்வளவு தாங்கும்? தவறினால் யாருக்கு என்ன நேரும்? இம்மூன்றையும் கேட்கப் பழகியவர் எந்த வகுப்பில் இருந்தாலும் பொறியியல் மாணவரே.

அறிவியலுக்கும் பொறியியலுக்கும் என்ன வேறுபாடு என்று நீங்கள் கேட்கலாம். உள்ளது எவ்வாறு உள்ளது என்று ஆராய்வது அறிவியல். இல்லாத ஒன்றை, மக்களின் தேவைக்கேற்ப, கிடைக்கும் பொருளையும் பணத்தையும் காலத்தையும் கொண்டு எவ்வாறு ஆக்குவது என்று ஆராய்வது பொறியியல். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பது அறிவியல் வினா. கடல் நடுவே நிற்கும் இரும்புப் பாலத்தைத் துருவினின்று காப்பது எவ்வாறு என்பது பொறியியல் வினா. முதல் வினாவுக்கு விடை தெரியாமல் இரண்டாவதற்கு விடை காண்பது அரிது. ஆயினும் முதல் விடை தெரிந்துவிட்டதனால் மட்டும் பாலம் நின்றுவிடாது.

இனி, நமக்கு மிக அருகிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு தொடங்குவோம். மின்சார இறைப்பிகள் வருவதற்கு முன்னர் நம் நாட்டுக் கிணறுகள் பலவற்றில் ஏற்றம் இருந்தது. ஊன்றிய மரத்தின்மேல் குறுக்கே ஒரு நீண்ட மரம். அதன் ஒரு முனையில் கோலும் சாலும் தொங்கும். ஏற்றமரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பது ஒரு வகை. பின்முனையில் கல்லைக் கட்டிவிட்டு ஒருவரே இறைப்பது மற்றொரு வகை. இதனைத் துலா என்பர். கல் கட்டிய துலாவையே எடுத்துக்கொள்வோம்.

வெறுஞ்சாலின் எடை 4 கிலோகிராம் என்றும், அது 20 கிலோகிராம் நீர் கொள்ளும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிறைசாலின் எடை 24 கிலோகிராம் ஆகும். துலா இல்லையேல் அந்த 24 கிலோகிராமையும் கையால் தூக்க வேண்டும். இப்போது சால் தொங்கும் முனை, ஊன்றுமரத்திலிருந்து 3 மீட்டர் தொலைவிலும், கல் 1 மீட்டர் தொலைவிலும் உள்ளன என்க. கல்லின் எடை 42 கிலோகிராம். 42ஐ 1ஆல் பெருக்கினால் 42. 14ஐ 3ஆல் பெருக்கினாலும் 42. ஆகவே அக்கல், சால் தொங்கும் முனையில் 14 கிலோகிராம் எடையைச் சமன் செய்யும்.

வெறுஞ்சாலைக் கிணற்றில் இறக்கும்போது என்ன ஆகிறது? சால் 4 கிலோகிராமே உள்ளது. கல்லோ 14 கிலோகிராமுக்கு ஈடாக மேலே இழுக்கிறது. ஆதலின் 10 கிலோகிராம் எடைக்குரிய விசையால் கோலைக் கீழே இழுக்க வேண்டும். நிறைசாலை ஏற்றும்போது 24 கிலோகிராமில் 14ஐக் கல் தாங்கிக்கொள்கிறது. எஞ்சிய 10ஐ நாம் தூக்கினால் போதும். இறக்கும்போது 10, ஏற்றும்போது 10. ஆக, 24ஐ ஒரே மூச்சில் தூக்கும் கடுமை நீங்கிவிட்டது. கீழே இழுக்கும்போது நம் உடலின் எடையும் துணை செய்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. துலா நமக்கு வேலையை இனாமாகச் செய்து தரவில்லை. துலா இல்லாதபோது வெறுஞ்சால் தானாகவே இறங்கும். அந்த 4 கிலோகிராமைக் கழித்தால் நீரின் எடையாகிய 20 எஞ்சும். துலாவிலும் இறக்கத்தில் 10, ஏற்றத்தில் 10. கூட்டினால் அதே 20. மரத்தின் எடையையும் உராய்வையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மொத்த வேலை குறையவில்லை. அது இரண்டாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. மனித உடலால் நெடுநேரம் செய்யத்தக்க அளவுக்கு வேலையைப் பங்கிட்டதே அந்தக் கருவியின் பெருமை. கல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நம் முன்னோர் வாய்பாடு எழுதிக் கண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டிப் பார்த்து, இறைத்துப் பார்த்து, கூட்டியும் குறைத்தும் கண்டிருப்பார்கள். செய்து பார்த்துத் திருத்துவதும் பொறியியலின் ஒரு பகுதியே.

கிணற்றடியிலிருந்து இப்போது கடற்கரைக்குச் செல்வோம். மண்டபத்திற்கும் பாம்பன் தீவிற்கும் இடையே கடல்மேல் அமைந்த ரெயில் பாலத்தை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். இங்கு அமைந்த முதற் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பெற்றது. அதன் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரையில் இராமேசுவரம் தீவுக்கு நிலத்தோடு இருந்த இணைப்பு அந்த ஒரு பாலமே. ரெயில் கடலைக் கடக்க வேண்டும். கப்பலும் பாலத்தைக் கடக்க வேண்டும். இரண்டும் எவ்வாறு இயலும்? பாலத்தின் ஒரு பகுதி திறந்து வழிவிட வேண்டும்.

அந்தப் பகுதியை அமெரிக்கப் பொறியாளர் செர்சர் என்பவர் வகுத்த முறையில் அமைத்தார்கள். இரண்டு இரும்புச் சிறகுகள் நடுவில் சந்திக்கும். கப்பல் வரும்போது ஒவ்வொரு சிறகும் மேல்நோக்கி எழும். சிறகின் அடிப்பாகம் சக்கரத்தின் ஒரு துண்டைப் போல வளைந்து, பாதையின்மேல் உருண்டு பின்வாங்கும். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்தச் சிறகுகளைத் திறந்தவை பெரிய இயந்திரங்கள் அல்ல. இருபுறமும் சில தொழிலாளர்கள் நின்று, கையால் நெம்புகோல்களைச் சுற்றியே திறந்தார்கள். இஃது எவ்வாறு கூடும்? சிறகின் பின்புறத்தில் எதிர்எடை வைக்கப்பட்டிருந்தது. அது சிறகின் எடையை ஏறத்தாழச் சமன் செய்தது. பற்சக்கரங்கள் கையின் விசையைப் பெருக்கித் தந்தன. நம் துலாவில் கல் செய்த வேலையையே கடல் நடுவில் அந்த எதிர்எடை செய்தது.

பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் ரெயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகிலேயே கட்டப்பெற்ற புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. புதிய பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் கண்ணின் நீளம் 72.5 மீட்டர். அது சிறகாகப் பிரிவதில்லை; இருபுறமும் உள்ள கோபுரங்களுக்கு இடையே 17 மீட்டர் உயரம் வரை நேராக மேலே எழுகிறது. கோபுர உச்சியில் பெரிய உருளைகள் உள்ளன. அவற்றின்மேல் எஃகு வடங்கள் செல்கின்றன. வடத்தின் ஒரு முனையில் பாலத்தின் கண், மறுமுனையில் எதிர்எடை. மோட்டார் இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டையும் உராய்வையும் வென்றால் போதும். இதை எங்கே பார்த்திருக்கிறோம்? இரண்டு குடங்களை ஒரே கயிற்றின் இரு முனையிலும் கட்டி, ஒன்று இறங்க ஒன்று ஏறும்படி இறைக்கும் கிணற்றுக் கப்பியில்தான். பழைய பாலம் துலாவுக்கு உறவு. புதிய பாலம் கப்பிக்கு உறவு.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். எவ்வளவு தாங்கும்? இதற்கு விடை காண உங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு தாளும் சில புத்தகங்களும் போதும். இரண்டு புத்தக அடுக்குகளை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். நோட்டுத் தாள் ஒன்றை அவற்றின்மேல் பாலமாக இடுங்கள். நடுவில் ஒரு நாணயம் வைத்தால் தாள் தொய்ந்து விழும். அதே தாளை விசிறிபோல் ஒரு விரற்கடை அகலத்தில் நீளவாக்கில் மடித்து, மீண்டும் பாலமாக வையுங்கள். இப்போது எத்தனை நாணயம் தாங்குகிறது? நான் எண்ணைச் சொல்லப்போவதில்லை. நீங்களே ஒவ்வொன்றாக வைத்து எண்ணுங்கள். எண்ணியதைக் குறித்து வையுங்கள்.

தாளின் எடை கூடவில்லை, பொருளும் மாறவில்லை. மாறியது வடிவம் ஒன்றே. இதன் காரணத்தை ஓர் அளவுகோல் விளக்கும். 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள அளவுகோலைப் படுக்கவைத்து இரு முனையையும் தாங்கி, நடுவில் அழுத்துங்கள், எளிதில் வளையும். அதையே விளிம்பின்மேல் நிமிர்த்தி வைத்து அழுத்துங்கள், வளைய மறுக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், நிமிர்ந்த நிலையில் அது 100 மடங்கு விறைப்புடையது. ஒரு பொருள் வளையும்போது அதன் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது, நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆகவே பொருளை நடுவிலிருந்து மேலும் கீழும் தள்ளி வைத்தால் அது நன்றாகத் தாங்கும். பாலத்தின் இரும்பு உத்திரம் உயரமாகவும், மேலும் கீழும் பட்டையாகவும், நடுவில் மெலிந்தும் இருப்பதன் காரணம் இதுவே.

இன்னொரு சோதனை. தென்னை ஈர்க்குகளை ஒரே நீளமாக நறுக்கி, நான்கைச் சதுரமாக நூலால் கட்டுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூன்றை முக்கோணமாகக் கட்டுங்கள். ஈர்க்கு ஒடிந்தாலன்றி அதன் வடிவம் மாறாது. சதுரத்தில் மூலைக்கு மூலை ஒரு குறுக்கு ஈர்க்கைக் கட்டினால் அதுவும் நின்றுவிடும். ஏனெனில் அது இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. இனி மின்கம்பக் கோபுரத்தையும், ரெயில் நிலையக் கூரையையும், இரும்புப் பாலங்களையும் பார்க்கும்போது முக்கோணங்களை எண்ணிப் பாருங்கள். வடிவ கணிதம் புத்தகத்தை விட்டு வெளியே வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

இனி மூன்றாவது வினா. தவறினால் யாருக்கு என்ன நேரும்? இதுவே பொறியியலைப் பிற கல்விகளிலிருந்து பிரித்துக் காட்டும் வினா. நம் கணக்கில் பிழை நேர்ந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு இடுவார். பொறியாளரின் கணக்கில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? சுகாட்லாந்து நாட்டில் டே என்னும் ஆற்றின் முகத்துவாரத்தில் நீண்டதொரு ரெயில் பாலம் 1878இல் திறக்கப்பட்டது. அதனை வகுத்தவர் தாமசு பௌச் என்பவர். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு கடும் புயல் வீசியது. ரெயில் பாலத்தின்மேல் சென்றுகொண்டிருந்தபோது, நடுப்பகுதியின் உயர்ந்த கண்கள் சரிந்தன. வண்டியில் இருந்தவருள் ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணையில் பல குறைகள் வெளிப்பட்டன. காற்றின் அழுத்தத்திற்கென்று அவர் தமது கணக்கில் தனியே இடம் ஒதுக்கவில்லை என்பது அவற்றுள் ஒன்று. ரெயிலின் எடையைக் கணக்கிட்டவர், காற்றைக் கணக்கிடவில்லை.

காற்றுக்கு ஒரு குணம் உண்டு. அதன் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு வேகத்திற்கு ஒன்பது மடங்கு அழுத்தம். பட்டம் விடும் பிள்ளைகள் இதனை நூலைப் பிடித்த கையாலேயே உணர்ந்திருப்பார்கள்.

நம் பாம்பனும் புயலின் கொடுமையை அறிந்ததே. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற பயணிகள் ரெயிலைக் கடல் அலை விழுங்கியது; நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தின் உத்திரங்கள் பெரும்பாலானவற்றை அலைகள் பெயர்த்துச் சென்றன. திறக்கும் சிறகுகள் மட்டும் நிலைத்து நின்றன. பாலத்தைச் சீர்ப்படுத்த ரெயில்வே நிர்வாகம் ஆறு மாதம் கொடுத்தது. மேலதிகாரி அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். அப்பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் பணியை முடித்தார். கடலடியில் உத்திரங்கள் கிடப்பதை மீனவர் கண்டு கூறினர்; அவற்றை மீட்டெடுத்து மீண்டும் தூண்களின்மேல் ஏற்றினார்கள். பட்டம் பெற்ற பொறியாளரின் கணக்கும், கடலை அறிந்த மீனவரின் கண்ணும், வடம் பிடித்த தொழிலாளியின் தோளும் சேர்ந்தே அந்தப் பாலம் எழுந்தது என்பதை நீங்கள் மறக்கலாகாது.

அப்பாலத்தில் பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை அமைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தால் கைகாட்டி சிவப்பாகும்படி செய்திருந்தார்கள். அப்போது ரெயில் பாலத்தில் ஏறக்கூடாது என்பது விதியாக இருந்தது. பார்ப்பதற்குச் சுழலும் சிறு கிண்ணங்கள்தாம். ஆயினும் மூன்றாவது வினாவுக்கு விடையாக அமைந்தது அக்கருவி. பயணி அதைக் கண்டதில்லை. அதற்கு நன்றி கூறியதுமில்லை. அவர் இரவில் உறங்கியவாறே கடலைக் கடந்தார்.

புயல் என்றோ ஒரு நாள் வருவது. உப்புக் காற்றோ எல்லா நாளும் வீசுவது. ஆதலின் அந்தப் பாலத்திற்கு வண்ணம் பூசியது அழகுக்காக அன்று. உயிர்காக்கும் வேலை அது. துருவை ஆராய்வதற்கென்றே காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையத்தை நடத்துகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் உருவாகி, 1953இல் திறக்கப்பெற்ற நிலையம் அது. புதிய பாலத்தில் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகளும், உப்பைத் தடுக்கும் தனி வகைப் பூச்சும் பயன்பட்டுள்ளன. புதிதாகக் கட்டுவோரைப் பாராட்டுகிறோம். கட்டியதைப் பேணுவோரை மறந்துவிடுகிறோம். இரண்டும் பொறியியலே.

மாணவர்களே, இப்போது என் பள்ளி அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் தந்தை மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மாலையில் கடையில் வேலை செய்வதனால் அவன் விரல்களில் எப்போதும் எண்ணெய்க் கறை இருக்கும். அதைக் கண்டு சிலர் நகைப்பார்கள். அவனும் கைகளை மேசைக்குக் கீழே மறைத்துக்கொள்வான். விசையைப் பற்றிய பாடம் நடந்த ஒரு நாள், மிதிவண்டிச் சக்கரம் ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவரச் செய்து, "இவ்வளவு மெல்லிய கம்பிகள் ஒரு மனிதரை எப்படித் தாங்குகின்றன?" என்று கேட்டேன். நன்கு படிக்கும் பிள்ளைகள் எல்லாரும், கம்பிகள் தூண்களைப் போலக் கீழிருந்து தாங்குகின்றன என்றார்கள். அவன் மட்டும் மெல்ல எழுந்து, "இல்லை ஐயா, கம்பி தாங்காது; அமுக்கினால் வளைந்துவிடும். எல்லாக் கம்பியும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் சக்கரம் நிற்கிறது" என்றான்.

பிறகு கோட்டம் எடுப்பது எப்படி என்று செய்தே காட்டினான். சக்கரத்தைச் சுழற்றி, வளையம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்தான். அங்கே வலப்பக்கத்துக் கம்பிகளை முறுக்கினான். இடப்பக்கத்துக் கம்பிகளைச் சிறிது தளர்த்தினான். மீண்டும் சுழற்றினான், மீண்டும் குறித்தான். "ஒரே தடவையில் முறுக்கக்கூடாது ஐயா, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்" என்றான். வகுப்பு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாணவி எழுந்து, முன்சக்கரத்தில் 32 கம்பியும் பின்சக்கரத்தில் 40 கம்பியும் இருப்பது ஏன் என்று அவனையே கேட்டாள். "பின்னால்தானே பாரம் அதிகம், மிதிக்கும் இழுப்பும் அங்கேதான்" என்றான். பழைய மாதிரி மிதிவண்டிகளில் பொதுவாக அமைந்த எண்ணிக்கை அது. அன்று முதல் அவன் கையை மறைக்கவில்லை. அவன் பெரிய விஞ்ஞானி ஆகிவிட்டான் என்று நான் கதை முடிக்கப்போவதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, இன்று நல்ல தொழில்நுட்பராக வாழ்கிறான். அதுவே எனக்கு நிறைவு.

நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு குறை உண்டு. புத்தகத்தைத் தொடும் கை வேறு, சுத்தியலைத் தொடும் கை வேறு என்று பிரித்து வைத்தோம். கைத்தொழிலின் வழியே கல்வி புகட்ட வேண்டும் என்று 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தியது இப்பிரிவைப் போக்கவே. பொறியியல் இரண்டு கைகளையும் வேண்டுவது. எண்ணும் கையும் செய்யும் கையும் ஒன்றையொன்று அறியாத நாட்டில், வரைபடம் அழகாக இருக்கும். வாய்க்காலில் நீர் ஓடாது.

மற்றொரு பிரிவினையும் உண்டு. கருவிகள் ஆண்பிள்ளைகளுக்கு, அடுப்பு பெண்பிள்ளைகளுக்கு என்பது அது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரியில் ஏ. லலிதா என்னும் பெண்மணி மின்பொறியியல் பயின்று 1943இல் பட்டம் பெற்றார். பதினெட்டாம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். அக்கல்லூரியின் சான்றிதழ்களில் ஆண்பாற்சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அவருக்காக அதனை அடித்துப் பெண்பாலாகத் திருத்த வேண்டியிருந்தது. பின்னர் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்தொடர் அமைப்புப் பணியில் அவர் பங்கேற்றார். 1964இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் அனைத்துலக மாநாட்டிற்கும் சென்றார். மாணவியரே, உங்களுக்கு முன்னே ஒருவர் நடந்து வழியிட்டிருக்கிறார். உங்களுக்காக எந்தச் சான்றிதழையும் இனித் திருத்த வேண்டியதில்லை.

நாளை முதல் நீங்கள் செய்யத்தக்கன மூன்று கூறுகிறேன். முதலாவது, தனியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு கருவியை உற்று நோக்கி, அதன் படத்தை வரைந்து, உறுப்புகளின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். கத்தரிக்கோல், பாக்குவெட்டி, கைப்பம்பு, தையற்பொறி, கதவின் கீல் ஆகிய எதுவும் ஆகலாம். பெயர் தெரியாவிட்டால் அதைக் கையாளும் தொழிலாளியிடம் பணிவுடன் கேளுங்கள். இரண்டாவது, எதையேனும் செய்யும்போது, செய்வதற்கு முன் எவ்வளவு தாங்கும் என்று ஓர் எண்ணை எழுதி வையுங்கள். பிறகு சோதித்துப் பாருங்கள். எழுதிய எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் உள்ள இடைவெளியே உங்களுக்கு ஆசிரியர். மூன்றாவது, மின்சாரம் உள்ள பொருளையும் கூரிய கருவியையும் பெரியவர் துணையின்றித் திறக்காதீர்கள். பிறர் உயிரைக் காக்கப் பயில்பவர் தம் உயிரையும் காக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டில் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ், நாட்டின் பல பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்குக் கருவிகளுடன் கூடிய ஆய்வகங்கள் அமைந்துள்ளன. உங்கள் பள்ளியில் அத்தகைய அறை இருந்தால், அது பார்வையாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும் அறையாக இருக்கவிடாதீர்கள். இல்லையெனினும் கவலை வேண்டா. தாளும் ஈர்க்கும் நூலும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. பத்தாம் வகுப்பிற்குப் பின் தொழிற்பயிற்சி நிலையம், மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு, பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் நான்காண்டுப் பட்டப் படிப்பு எனப் பல வழிகள் உள்ளன. எந்த வழியில் சென்றாலும் அம்மூன்று வினாக்களும் உடன் வரும்.

கல்லூரியில் பயிலும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது, நீங்கள் பயின்ற நடுநிலைப் பள்ளிக்கு ஒரு நாள் செல்லுங்கள். சொற்பொழிவு ஆற்ற வேண்டா. ஒரு தாளைக் கொடுத்து, "இதைக் கொண்டு ஒரு பாலம் கட்டுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அருகில் அமருங்கள். பாலம் விழும்; சிரிப்பார்கள்; மீண்டும் மடிப்பார்கள். எத்தனையாவது நாணயத்தில் விழுந்தது என்பதை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். வகுப்பறையில் காகிதப் பாலம் விழலாம். எத்தனை முறை வேண்டுமாயினும் விழலாம். அது ஏன் விழுந்தது என்று அங்கே கற்றவர்கள் நாளை கட்டும் பாலத்தின்மேல் நம் பிள்ளைகள் அச்சமின்றிச் செல்வார்கள்.